‘பை’, ‘தட்’, ‘கெட்’, ‘அஸ்’: குட்டிச் சொற்களின் பொருள் வலப்பக்கம் இருக்கிறது

கேள்வி: பெரிய ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்து எப்படியோ புரிந்துகொள்கிறேன். ‘பை’ (by), ‘தட்’ (that), ‘கெட்’ (get), ‘அஸ்’ (as) மாதிரிக் குட்டிச் சொற்கள்தான் படுத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது பொருள் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். அப்படி மனப்பாடம் செய்து யாரும் ஆங்கிலம் பேசவில்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற மூன்றெழுத்து வினைக்கு மட்டும் சுமார் 60,000 சொற்களில் விளக்கம் ஓடுகிறது. 2011-இல் ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதியபோது 645 பொருள்கள் தேறின. லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கும் இந்தப் பட்டியல் தெரியாது. ஆனாலும் அவர் தடுமாறுவதில்லை. நாம் ‘உம்’மில் தடுமாறுகிறோமா என்ன?

‘உம்’முக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். தமிழ் வகுப்பைத் தாண்டி வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது மறந்திருக்கும். ஆனால் ‘எல்லாரும் வந்தார்கள்’ என்றால் யாரும் பாக்கியில்லை, ‘அவனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ முன்பே வந்திருக்கிறார்கள், ‘அம்மாவும் அப்பாவும்’ என்றால் வெறும் கணக்கு என்பது கேட்டவுடன் விளங்குகிறது. எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை வைத்தே புரிந்துகொள்கிறோம். இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், ‘தமக்கு இயல்பு இலவே’ என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். ஆங்கிலக் குட்டிச் சொற்களும் அப்படியே: தனியாக நின்றால் அவற்றுக்குச் சொத்து ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு, தமிழர்கள் சறுக்குவது அங்கேதான். தமிழில் உருபு பின்னால் ஒட்டும்: மேஜை-மேல், ஐந்து மணி-க்குள். அதனால் உருபைக் கண்டால் நம் கண் இடப்பக்கம் போய்ப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கும்: ‘ஆன் தி டேபிள்’, ‘பை ஃபைவ்’. எனவே குட்டிச் சொல்லைக் கண்டதும் வலப்பக்கம் பாருங்கள். அடுத்து வருவது நேரமா, எண்ணா, ஆளா, ‘இங்’ வினையா, முழு வாக்கியமா? பெரும்பாலும் அதுவே பொருளைச் சொல்லிவிடும்.

‘பை’யை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அலுவலகத்தில் அதிகச் சேதம் செய்வது அதுதான். ஆதியில் அதற்குப் பொருள் ‘பக்கத்தில்’. ‘எ ஹவுஸ் பை தி ரிவர்’ என்றால் ஆற்றோரத்து வீடு. வலப்பக்கம் இடம் வந்தால் இன்றும் அதே பொருள்.

வலப்பக்கம் நேரம் வந்தால் ‘க்குள்’. ‘ஃபினிஷ் இட் பை ஃபைவ்’, ஐந்து மணிக்குள் முடி. ‘வரை’க்கு ‘டில்’ இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் ஏராளம். ‘ஐ வில் பி இன் தி ஆஃபீஸ் பை ஃபைவ்’ என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். ஐந்து மணி வரை இருப்பேன் என்பது அவர் நினைப்பு. படிப்பவருக்கோ ‘ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்’ என்று அர்த்தமாகிறது. அவர் நிதானமாக ஐந்தேகாலுக்கு வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார். சோதனை எளிது: வேலை ஒரு கணத்தில் நடந்து முடிவதா (அனுப்பு, வந்து சேர், முடி), ‘பை’. நீண்டுகொண்டே இருப்பதா (காத்திரு, தூங்கு, வேலை பார்), ‘டில்’. இன்னொன்று, ‘பை தி டென்த்’ என்றால் பத்தாம் தேதியும் சேர்த்தி. ‘பிஃபோர் தி டென்த்’ என்றால் ஒன்பதோடு கணக்கு முடிந்தது. கட்டணம் கட்டும் கடைசி நாளில் இந்த ஒரு நாள் வித்தியாசம் அபராதமாக மாறும்.

வலப்பக்கம் எண் வந்தால் ‘பை’ வித்தியாசத்தின் அளவைச் சொல்கிறது. வாடகை 10,000 ரூபாய். அது 12,000 ஆகிறது. இதை ‘தி ரென்ட் வென்ட் அப் பை டூ தவுசண்ட்’ என்றும் சொல்லலாம், ‘வென்ட் அப் டு டுவெல்வ் தவுசண்ட்’ என்றும் சொல்லலாம். ‘வென்ட் அப் பை டுவெல்வ் தவுசண்ட்’ என்று எழுதினால் வாடகை 22,000 ஆகிவிட்டது. ‘பை’ கூடியதைச் சொல்லும், ‘டு’ போய் நின்ற இடத்தைச் சொல்லும். இரண்டு பக்கமும் எண் இருந்தால் நீள அகலம்: ‘டென் பை டுவெல்வ்’ அறை, நம் வழக்கில் பத்துக்குப் பன்னிரண்டு. (காபிக் கடையில் ‘ஒன் பை டூ’ கேட்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு. வெளிநாட்டில் கேட்டால் விழிப்பார்கள்.)

வலப்பக்கம் ‘இங்’ வினை வந்தால் வழிமுறை: ‘பை பிரஸ்ஸிங் திஸ் பட்டன்’, இந்தப் பொத்தானை அழுத்துவதன் மூலம். வண்டியின் பெயர் மொட்டையாக வந்தால் போக்குவரத்து: ‘பை பஸ்’, ‘பை டிரெயின்’. மொட்டையாக என்பது முக்கியம். முன்னால் ‘மை’, ‘எ’, ‘தி’ எதுவும் வந்துவிட்டால் ‘பை’ ஓடிவிடும். ‘இன் மை கார்’, ‘ஆன் தி பஸ்’ என்றாகும். நடந்து வந்தேன் என்பதற்கு ‘பை வாக்’ என்று நம்மவர்கள் சொல்வது பஸ்ஸையும் ரயிலையும் பார்த்து ஏற்பட்ட ஆசை. நடப்பது வண்டியில்லை, ‘ஆன் ஃபுட்’ என்பதே வழக்கு.

வலப்பக்கம் ஆள் வந்தால் செய்தவர். பள்ளியில் செயப்பாட்டு வினை என்று சொல்லிக்கொடுத்த ‘பை’ இதுதான். இங்கே நம்முடைய ‘ஆல்’ ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. ‘திருடனால் தாக்கப்பட்டார்’, ‘கத்தியால் தாக்கப்பட்டார்’, இரண்டிலும் ‘ஆல்’. ஆங்கிலத்தில் திருடனுக்கு ‘பை’, கத்திக்கு ‘வித்’. ஒருவர் கையில் பிடித்துப் பயன்படுத்திய பொருளானால் ‘வித்’. யாரும் பிடிக்காமல் தானே செய்த பொருளானால் மறுபடி ‘பை’: மலையிலிருந்து உருண்ட கல் தாக்கினால் ‘ஹிட் பை எ ஸ்டோன்’, யாரோ கல்லெடுத்து அடித்தால் ‘ஹிட் வித் எ ஸ்டோன்’. காவல் நிலையப் புகாரில் இந்த ஒரு சொல் விபத்தையும் குற்றத்தையும் பிரிக்கலாம்.

அடுத்தது ‘தட்’. இது ஒரு சொல் என்று நினைப்பதால்தான் குழப்பம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. ‘அது’, ‘அந்த’ என்ற பொருளில் வரும்போது அழுத்தி, பூனையைக் குறிக்கும் ‘கேட்’டுக்கு எதுகையாக ‘தேட்’ என்பார்கள். ‘என்று’ என்ற பொருளிலும் பெயரெச்சம் போல் வரும்போதும் விழுங்கி, ‘தட்’ என்பார்கள். காது இதைப் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கில ஆசிரியர்கள் விளையாட்டாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. ஐந்து தடவை அடுத்தடுத்து அதே சொல்: ‘ஹி செட் தட் தேட் தேட் தட் தேட் பாய் ரோட் வாஸ் ராங்.’ பிதற்றல் போலிருக்கிறதா? தமிழில் போட்டுப் பாருங்கள்: ‘அந்தப் பையன் எழுதிய அந்தத் தட் தவறு என்று அவன் சொன்னான்.’ முதல் ‘தட்’ நம்முடைய ‘என்று’. இரண்டாவது, தவறான அந்தச் சொல்லைச் சுட்டும் ‘அந்த’. மூன்றாவது அந்தச் சொல்லே. நான்காவது ‘எழுதிய’வின் கடைசியில் இருக்கும் ‘அ’. ஐந்தாவது பையனுக்கு முன்னால் உள்ள ‘அந்த’. ஆங்கிலம் ஒரே சொல்லால் ஒப்பேற்றும் இடத்தில் தமிழ் தனித்தனிக் கருவிகளை வைத்திருக்கிறது. அதனால் எந்த ‘தட்’ என்று சந்தேகம் வந்தால் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதே சிறந்த சோதனை. மொழிபெயர்த்துப் படிக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள்.

உதாரணமாக, ‘தி நியூஸ் தட் ஹி பிராட்’, ‘தி நியூஸ் தட் ஹி ரிசைன்ட்’. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தமிழில் முதலாவது ‘அவர் கொண்டுவந்த செய்தி’, இரண்டாவது ‘அவர் ராஜினாமா செய்தார் என்ற செய்தி’. முதலாவதில் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ போடலாம், இரண்டாவதில் போட்டால் தப்பு. காரணம் வலப்பக்கத்தில் இருக்கிறது: ‘ஹி பிராட்’ என்பது அரைகுறை, எதைக் கொண்டுவந்தார் என்ற ஓட்டை அதில் உண்டு. ‘ஹி ரிசைன்ட்’ ஓட்டையில்லாத முழு வாக்கியம்.

‘தட்’டை எப்போது விட்டுவிடலாம் என்பதும் அதே பக்கத்தில் தெரியும். பெயரெச்சத் ‘தட்’டுக்கு அடுத்து உடனே வினை வந்தால் விடக் கூடாது: ‘தி பஸ் தட் கோஸ் டு மதுரை’. அடுத்து ஒரு புதிய எழுவாய் வந்தால் தாராளமாக விடலாம்: ‘தி பஸ் ஐ மிஸ்ட்’. செய்தித்தாள் ஆங்கிலம் படிக்கும்போது இரண்டு பெயர்கள் சம்பந்தமில்லாமல் ஒட்டி நிற்பதாகத் தோன்றினால் நடுவில் ஒரு ‘தட்’ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்மறைக்குப் பின் வரும் ‘தேட்’ வேறு கதை: ‘இட் இஸ் நாட் தேட் பிக்’, அவ்வளவு பெரிசில்லை.

‘கெட்’டுக்கு அகராதி பார்ப்பது வீண். வலப்பக்கம் பொருள் வந்தால் வாங்கு, கிடை: ‘கெட் எ டிக்கெட்’. பண்புச்சொல் வந்தால் ஆகு: ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’, இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேர்: ‘கெட் ஹோம்’. வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் ‘படு’வும் ‘கொள்’ளும்: ‘காட் காட்’ என்றால் மாட்டிக்கொண்டான். இங்கே எழுத்தில் இரண்டும் வேறு சொற்கள், தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. முதலாவது ‘கெட்’டின் இறந்தகாலம், இரண்டாவது ‘கேட்ச்’சின் மூன்றாம் வடிவம்.

நான்கைந்து பொருள்களும் இப்படி எளிதாகப் பிடிபடும். பிடிபடாமல் நழுவுவது ஒன்றுதான்: பிறரைக் கொண்டு செய்விப்பது. ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்பதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்துக்கொண்டதாகப் பொருள். சலூனில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. ‘வண்டியை சர்வீஸ் பண்ணினேன்’ என்பதும் அப்படியே. மெக்கானிக் செய்திருந்தால் ‘ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்’. வாய்பாடு: கெட், பொருள், மூன்றாம் வடிவம். ஆளைச் சொல்ல வேண்டுமானால் கெட், ஆள், ‘டு’, வினை: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. அதே வேலையைச் செய்யும் ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: ‘ஐ மேட் ஹிம் சைன்’. ‘கெட்’டில் கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வைத்த வாடை இருக்கும், ‘மேக்’கில் கட்டாயம் இருக்கும்.

‘அஸ்’ஸை நாம் எல்லாரும் ஒரே இடத்தில்தான் முதலில் சந்தித்தோம்: விடுப்பு விண்ணப்பம். ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. அங்கே அது ‘ஆகையால்’. ஆனால் ‘அஸ் ஐ வாஸ் கிராஸிங் தி ரோட்’ என்றால் சாலையைக் கடக்கும்போது. இரண்டிலும் வலப்பக்கம் முழு வாக்கியம்தான். எனவே வினையைப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் அசைவு என்றால் பெரும்பாலும் நேரம், நிலை என்றால் (நோய், வறுமை, தெரியாமை) பெரும்பாலும் காரணம். ‘பெரும்பாலும்’ என்றுதான் சொல்ல முடியும். ‘அஸ் ஹி வாஸ் லீவிங், ஐ லாக்ட் தி டோர்’ என்பதில் அவர் கிளம்பும்போதா, கிளம்பியதாலா என்று ஆங்கிலேயரும் சொல்ல முடியாது. சந்தேகம் வரக் கூடாத கடிதத்தில் காரணத்துக்கு ‘பிகாஸ்’ எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

வலப்பக்கம் வெறும் பெயர் வந்தால் ‘ஆக’. ‘ஹி வொர்க்ஸ் அஸ் எ டிரைவர்’, ஓட்டுநராக வேலை பார்க்கிறார். ‘ஹி டிரைவ்ஸ் லைக் எ ரேசர்’, பந்தயக்காரர் போல ஓட்டுகிறார், ஆனால் அவர் பந்தயக்காரர் இல்லை. ‘ஆக’வுக்கு ‘அஸ்’, ‘போல’வுக்கு ‘லைக்’. ‘ஆல்ஸோ’வும் ‘அஸ்’ஸும் ஒரே பழைய சொல்லின் இரண்டு கிளைகள், ‘முழுக்க அப்படியே’ என்பது மூலம். இரட்டையாக வரும் ‘அஸ் டால் அஸ்’ஸில் அந்த ‘அப்படியே’ இன்றும் உயிரோடிருக்கிறது.

‘பட்’டும் தன் மூலத்தை மறைத்து வைத்திருக்கிறது. அது முதலில் ‘வெளியே, புறம்பாக’ என்ற சொல். அந்த வழியில்தான் ‘ஆனால்’ என்ற பொருளுக்கு வந்தது. எனவே ‘ஆல் பட் ஒன்’ என்பதை ‘எல்லாரும் ஆனால் ஒருவர்’ என்று படித்து முழிக்க வேண்டாம். ஒருவர் தவிர எல்லாரும். ‘நத்திங் பட்’, அதைத் தவிர வேறில்லை. ‘லாஸ்ட் பட் ஒன்’, கடைசிக்கு முந்தினது. ‘பட் ஃபார் ஹிஸ் ஹெல்ப்’, அவர் உதவி மட்டும் இல்லையென்றால். வலப்பக்கம் முழு வாக்கியம் இல்லாமல் வெறும் பெயர் நின்றால் ‘தவிர’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘சின்ஸ்’ஸுக்குப் பின் தொடங்கிய புள்ளி (‘சின்ஸ் 2020’), ‘ஃபார்’க்குப் பின் கால நீளம் (‘ஃபார் டூ இயர்ஸ்’). ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது ‘இரண்டு வருஷமாக’வின் நேர் பெயர்ப்பு, தவறு. ‘டு’வில் இரண்டு வகை: வினையோடு வருவது, பெயரோடு வருவது. ‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டால் வாக்கியம் நிற்கிறது, ஆகவே அது பெயரோடு வரும் ‘டு’, வினை வந்தால் ‘மீட்டிங்’ என்று ‘இங்’ வேண்டும். ‘வான்ட் டு இட்’ நிற்காது, ஆகவே அங்கே ‘மீட்’ போதும். சொல்லின் வாலில் ஒட்டும் ‘ட்’ (‘ஐட்’, ‘ஹீட்’ என்று ஒலிப்பது) வலப்பக்கம் முதல் வடிவம் இருந்தால் ‘வுட்’, மூன்றாம் வடிவம் இருந்தால் ‘ஹேட்’. முக்கிய விதிவிலக்கு: பின்னால் ‘பெட்டர்’ வந்தால் அது பெரும்பாலும் ‘ஹேட்’.

வினைக்குப் பின் குட்டிச் சொல் ஒட்டும் ‘டர்ன் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ வகையில் மட்டும் வலப்பக்கம் பார்த்தால் போதாது. ‘ரேன் அப் எ ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடினான்; ‘ரேன் அப் எ பில்’ என்றால் கடன் கணக்கை ஏற்றிவிட்டான். ‘இட்’ போட்டுச் சோதியுங்கள். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று நடுவில் நுழைந்தால் குட்டிச் சொல் வினையின் உறுப்பு, இரண்டும் சேர்ந்து புதுப் பொருள். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்று கடைசியில்தான் வரும் என்றால் குட்டிச் சொல் இலக்கண வகையில் பெயரோடு சேர்ந்தது. பொருள் மட்டும் அங்கேயும் வினையோடு கூட்டுச் சேர்ந்து மாறியிருக்கலாம், ‘லுக் ஆஃப்டர்’ கவனித்துக்கொள் ஆனது போல. இந்தக் கூட்டுகளை மட்டும் தனிச் சொற்களாகவே படிக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை.

பயிற்சிக்கு ஒரு நோட்டு, வாரத்துக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலச் செய்தித்தாளில் நான்கைந்து செய்திகளை எடுத்து அந்த வாரச் சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: வலப்பக்கம் வந்தது என்ன வகை, தமிழில் எந்த உருபு, முழு வாக்கியம். இருபது வாக்கியம் சேர்ந்தால் ஆறேழு வகைக்கு மேல் இல்லை என்பது கண்ணில் படும். எந்த வகையிலும் அடங்காமல் மிஞ்சுவது மரபுத்தொடர். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். ‘பை’யில் அப்படி மிஞ்சுவது ‘பை அண்ட் லார்ஜ்’, மொத்தத்தில் என்று பொருள். அது பாய்மரக் கப்பல்காரர்கள் பேச்சு: எதிர்க்காற்றை ஒட்டி எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அப்படிப் போவது ‘பை’, காற்று பின்னாலிருந்து தள்ளப் போவது ‘லார்ஜ்’. இரண்டு விதக் காற்றிலும் ஒழுங்காக ஓடும் கப்பலைச் சொன்ன தொடர் கரைக்கு வந்து ‘மொத்தத்தில்’ ஆகிவிட்டது. அதிலும் ‘பை’ காற்றின் பக்கத்தில்தான் நின்றது.